வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை

செவலையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவந்த அன்று அவளோடு ஒரு மஞ்சள் அட்டையையும் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் தடுப்பூசி போட்ட தேதிகளும் கருத்தடை செய்த தேதியும் இருந்தன. மறுபக்கம் கையால் கோடு போட்ட ஒரு கட்டம். மேலே 'திரும்பி வந்த விவரம்' என்று எழுதியிருந்தது. அதில் இரண்டு வரிகள். முதல் வரி: இடமாற்றம். இரண்டாவது வரி: வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு முறை தத்துக் கொடுக்கப்பட்டு இரண்டு முறையும் திரும்பி வந்த நாய் அவள். ஏழு வயது இருக்கலாம் என்றார்கள். பின்னங்கால் ஒன்றை லேசாக இழுத்து நடப்பாள். குட்டியும் இல்லை, வெள்ளையும் இல்லை, ஆணும் இல்லை. ஆகவே அவளைக் கேட்டு யாரும் வருவதில்லை என்று அங்கே வேலை பார்க்கும் அக்கா சொன்னார்.

தமிழ் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு நோய் உண்டு, எந்தச் சொல்லையும் சும்மா விட மாட்டோம். 'வீட்டில்' என்பது ஏழாம் வேற்றுமை. இடத்தைக் குறிக்க வேண்டிய சொல். ஆனால் பேச்சில் அது ஆளைக் குறிக்கிறது. ஓர் ஆண் 'வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் அவருடைய மனைவி. ஒரு பெண் 'வீட்ல கேக்கணும்' என்றால் கணவன், மாமியார், மாமனார், அப்பா, அண்ணன், அதாவது அவளைத் தவிர அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும்.

"இத எழுதினது யாருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுதான் மேடம். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆவல. நாயக் கொண்டாந்து விட்டுட்டு ரொம்ப நேரம் அந்தத் திண்டுலயே உக்காந்து அழுதுச்சு. திருப்பிக் கொண்டாற பொண்ணுங்க நெறையப் பேரு இதத்தான் சொல்லுதுங்க."

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னோக்கிப் போனேன். நாய்களுக்குக் காப்பகம் என்ற ஒன்றை உலகில் யார் தொடங்கினார்கள், அவர்களுக்கு எந்த வீட்டில் என்ன பேச்சு இருந்தது என்று தேடினேன். 165 ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

1860ஆம் ஆண்டு அக்டோபர் 2. லண்டன் மாநகரின் வடபகுதியான ஹாலோவேயில், ஹாலிங்ஸ்வொர்த் தெருவிலிருந்த ஒரு குதிரை லாயத்தில் மேரி டீல்பி என்ற பெண்மணி ஓர் இல்லத்தைத் திறந்தார். 'தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்று பெயர். இன்று உலகெங்கும் பேட்டர்ஸி என்ற பெயரில் அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

டீல்பிக்கு அப்போது வயது 58. ஹல் நகரத்து மரவியாபாரி ஒருவரை மணந்து, பிறகு அவரைப் பிரிந்து வந்து, பாதிரியாரான தன் சகோதரர் எட்வர்ட் பேட்ஸுடன் வாழ்ந்துகொண்டிருந்தார். கேனன்பரி சதுக்கத்தில் அவருக்கு மேஜர் என்ற தோழி இருந்தார். தெருவில் பட்டினியால் விழுந்து கிடந்த ஒரு நாயை அந்தத் தோழி வீட்டுக்குத் தூக்கிவந்து வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள், நாய் பிழைக்கவில்லை. அதன்பிறகு தெருவில் கண்ட நாய்களையெல்லாம் கொண்டுவந்தார்கள். சமையலறைப் பக்கத்து அறை போதவில்லை. லாயம் அதற்குப் பிறகுதான் வந்தது. சாவில் முடிந்த ஒரு மீட்பு முயற்சியிலிருந்து இந்த வரலாறு தொடங்குவதை நான் கவனிக்கிறேன். காப்பகங்களுக்குப் போய்வருபவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இங்கே ஒரு சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் பொதுவிதியாகக் கணவனுடையவை. பணக்காரக் குடும்பங்கள் மகளுக்கென்று அறக்கட்டளை ஏற்பாடு செய்து இதைத் தாண்டும் வழி இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. கணவன் வீட்டை விட்டு வெளியேறியவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவருடைய கூரைக்குக் கீழ் போக வேண்டும். டீல்பி அப்படித்தான் போனார். அந்தப் பெண்தான், மாட்டை அடைப்பதுபோல் நாயை அடைக்கும் இடங்களுக்கு இருந்த 'பட்டி' என்ற பொருள்தரும் சொல்லை விட்டுவிட்டு, 'இல்லம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். கூடவே 'தற்காலிக' என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டு சொற்களையும் அவர் தன் வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தார் என்று நான் நினைக்கிறேன். ஆவணச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. கவிதை எழுதுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அதே மாதத்தில் 'டைம்ஸ்' நாளிதழ் அவரைக் கேலி செய்தது. மனிதாபிமானம் சறுக்கி விழுந்து கோமாளித்தனமான உணர்ச்சியாகிவிட்டது என்ற தொனி. மனிதர்களே தெருவில் கிடக்கும் நகரத்தில் நாய்க்கு இல்லமா என்பது பலருடைய கேள்வி. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை எழுப்பியவர்கள் தெருவில் கிடந்த மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1862இல், டிக்கன்ஸ் நடத்திய இதழில் ஒரு கட்டுரை வந்தது. இஸ்லிங்டனில் நடந்த பரிசு நாய்களின் கண்காட்சியையும் அதிலிருந்து நடந்து போகும் தூரத்திலிருந்த ஹாலோவே இல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய கட்டுரை. அதன்பிறகே இல்லத்தின்மீது பொதுமக்களுக்கு மரியாதை வந்தது என்பார்கள். பெண் செய்தபோது பைத்தியக்காரத்தனமாக இருந்தது, பெரிய எழுத்தாளரின் பத்திரிகை எழுதியதும் கருணையானது.

இல்லத்தின் தொடக்ககால விதிகளில் இரண்டு எனக்குச் சுவையானவை. 14 நாட்களுக்குள் யாரும் அடையாளம் சொல்லி வராத நாயை விற்கலாம் அல்லது வேறுவிதமாக 'முடிவு செய்யலாம்' என்பது ஒன்று. நாயைக் கொண்டுவந்து தருபவருக்கு வெகுமதி கிடையாது என்பது இன்னொன்று. இரண்டாவது விதிக்குக் காரணம் இருந்தது. அன்றைய லண்டனில் நாய் திருடுவது ஒரு தொழில். வசதியான வீட்டு நாயைப் பிடித்துப்போய், பணம் கொடுத்தால்தான் திருப்பித் தருவார்கள்.

கவிஞர் எலிசபெத் பேரட்டின் நாய் ஃப்ளஷ் இப்படி மூன்று முறை திருடுபோனது. மூன்றாவது முறை 1846 செப்டம்பர். எலிசபெத்துக்கு 40 வயது. நோயாளி என்று மாடியறையிலேயே வைக்கப்பட்டிருந்தவர். திருடனுக்குப் பணம் தரக்கூடாது என்று அப்பா சொன்னார். அவர் ரகசியமாக மணக்கவிருந்த ராபர்ட் பிரவுனிங்கும் அதையே சொன்னார், கொள்கை அடிப்படையில். எலிசபெத் தன் பணிப்பெண் வில்சனைக் கூட்டிக்கொண்டு வண்டி பிடித்துத் திருடர் கூட்டத் தலைவனின் வீட்டு வாசலுக்கே போய் நின்றார். நாய் திரும்பி வந்தது. சில நாட்களில் அவர் பிரவுனிங்கை மணந்து, நாயையும் வில்சனையும் அழைத்துக்கொண்டு அப்பாவின் வீட்டை விட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். வர்ஜீனியா உல்ஃப் 1933இல் அந்த நாயின் கதையை ஒரு புத்தகமாகவே எழுதினார். எனக்குப் பிடித்தது அந்த வண்டிப் பயணம். வீட்டில் ஒத்துக்கொள்ளாதபோது ஒரு பெண் படியிறங்கிப் போன பயணம் அது. தப்பிப் போவதற்கு அவர் அதில்தான் பழகிக்கொண்டாரோ என்று தோன்றும். கூடவே, வரலாற்றில் துணைப்பாத்திரமாக நிற்கும் வில்சனுக்கு அந்தச் சந்துக்குள் போக எவ்வளவு பயம் இருந்திருக்கும், அவரிடம் யாராவது கேட்டார்களா என்றும் தோன்றும்.

டீல்பி 1865இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் லண்டன் தெருக்கள் தொடர்பான புதிய சட்டம் வந்தது. தெருவில் கட்டுப்பாடின்றித் திரியும் நாயைக் காவல்துறை பிடிக்கலாம், மூன்று நாட்கள் வைத்திருந்து யாரும் வராவிட்டால் விற்கலாம் அல்லது கொல்லலாம். அந்த நாய்கள் இல்லத்துக்கு வந்து குவிந்தன. 1871இல் இல்லம் பேட்டர்ஸிக்கு மாறியது. 14 நாள் என்ற காத்திருப்பு சுருங்கியது. வெறிநாய்க்கடி பயம் நகரத்தையே பிடித்து ஆட்டிய காலம். யாரும் கேட்டு வராத நாய்களைக் கொல்ல வேண்டிய இடமாக இல்லம் ஆனது. 1884இல் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் அதற்காக ஓர் அறையை வடிவமைத்தார். நாய்களைக் கூண்டோடு உள்ளே தள்ளி மூடி, மயக்கவாயு செலுத்தி வலியில்லாமல் கொல்லும் அறை. 'கொல்லறை' என்று நான் மொழிபெயர்க்கிறேன். அடுத்த ஆண்டு விக்டோரியா அரசி இல்லத்தின் புரவலரானார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை. தடியால் அடித்துக் கொல்வதுதான் அன்று இருந்த மாற்று. ஆனால் 'இல்லம்' என்ற சொல்லுக்குள் ஒரு கொல்லறை வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்க்காமல் கடக்கவும் முடியவில்லை. வீடு என்ற சொல்லை அறிந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கதை வேறு பாதையில் போய் இதே இடத்துக்கு வருகிறது. கரோலின் ஏர்ல் வைட் அடிமைமுறை ஒழிப்புக்காகப் போராடிய ஒரு வழக்கறிஞரின் மகள். பென்சில்வேனியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்க அலைந்தவர்களில் ஒருவர். 1867இல் சங்கம் அமைந்தது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே 1869இல் பெண்கள் பிரிவு என்று தனியாக அமைத்து அதற்குத் தலைவரானார். பெண்கள் பிரிவு முதலில் கையில் எடுத்தது நகரத்தின் நாய்ப்பட்டியை. அதுவரை நாய் பிடிப்பவர்கள் சுருக்குக்கயிறு வீசி இழுத்துவந்து அடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் அதை மாற்றினார்கள். தண்ணீர், தீனி, நிழல், நோய்க்கு மருந்து, பிறகு நாயைக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பது என்று ஒழுங்குசெய்தார்கள். அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று நாம் 'தத்து' என்கிறோமே, அந்த நடைமுறை உருவானது இப்படிப்பட்ட இடங்களில்தான். குழுவில் நாற்காலி கிடைக்காத பெண்கள் கூண்டு கழுவப் போய், கூண்டிலிருந்து உருவாக்கிய நிறுவனம். யாரும் கேட்டு வராத நாய்களுக்கு அங்கும் மரணம்தான், அடிக்குப் பதிலாக வாயு.

இப்போது சென்னை.

ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு விலங்குகள்மீதான வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பிரதமர் நேரு கேட்டுக்கொண்டார். அவரும் பெற்றுக்கொண்டார். அந்தச் சட்டம் 1960இல் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவிதான், தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது.

அவரைப் பற்றி எழுதும்போது ஒரு முள் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சதிராட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்களிடமிருந்து அந்தக் கலை கைமாறி 'பரதநாட்டியம்' ஆகி மேட்டுக்குடி மேடைக்குப் போன வரலாற்றில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பெண்களுடைய வீடு பறிபோனதைக் காணாத கண், வாயில்லா உயிரின் வலியைக் கண்டது. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். நான் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். எவையெல்லாம் வதை என்று 11ஆம் பிரிவு அடுக்குகிறது. எவையெல்லாம் வதையாகக் கருதப்படாது என்று அதன் உட்பிரிவு ஒன்று சொல்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கிறது: தெருநாய்களைக் கொல்லறைகளில் வைத்து அழிப்பது. ரிச்சர்ட்சன் பேட்டர்ஸியில் வைத்த அறைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதே பெயர். ஹாலோவே லாயத்தில் தொடங்கிய 'இல்லம்' 100 ஆண்டுகள் கழித்து ஒரு சொல்லாக இந்தியச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஒரு பெண்ணின் முயற்சியில் பிறந்த சட்டத்தில், அந்தப் பெண் தன் மசோதாவைக் கைவிட்டுக் கொடுத்ததால் வந்த சட்டத்தில்.

சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியதும் 1860களில்தான். ப்ளூ கிராஸ் அமைப்பைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கும் கணக்குப்படி, 1996 வாக்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 135 நாய்கள் கொல்லப்பட்டன. இங்கே முறை மின்சாரம். 1964இல் ப்ளூ கிராஸைத் தொடங்கியவர்கள் விமானியான கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பமும். மழைவெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கியது என்பார்கள். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி, 1951இல் கணவரோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர். தெருவில் எடுத்த நாய்க்குட்டிக்கு அந்த வீட்டில் தடை இல்லாமல் போனதற்கு அந்த வீட்டில் யாருக்கு என்ன குரல் இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று அவர்கள் 32 ஆண்டுகள் சொல்லி, 1996இல் மாநகராட்சி கொல்வதை நிறுத்தியது. 2001இல் அதுவே நாடு முழுவதற்குமான விதியானது.

'அதே தெருவில் விடுங்கள்' என்பதில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. டீல்பியின் நாய் 'தொலைந்த' நாய், எங்கோ அதற்கொரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். நம் ஊர் நாய் தொலையவில்லை. அதற்குத் தெருதான் வீடு. அதற்குச் சோறு போடுபவர் சொந்தக்காரர் இல்லை, ஆனால் யாரோ ஒருவர் இருப்பார். நான் வளர்ந்த சிறு நகரத்தில் அந்த ஒருவர் என் அப்பாயி. காலையில் இட்லி சுட்டு விற்பார். சட்டி கழுவிய மாவுத் தண்ணீரும் பிய்ந்த இட்லியும் வாசலில் மூன்று நாய்களுக்கு. எங்கள் ஊருக்கும் நாய் வண்டி வரும். இரும்புச் சுருக்கோடு ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டதும் அப்பாயி மூன்றையும் அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். தாத்தா உள்ளேயிருந்து கத்துவார், அடுப்படித் தீட்டு என்று. அப்பாயி காது கேட்காததுபோல் இருப்பார். அரை மணி நேரக் காப்பகம். நான் அறிந்த முதல் காப்பகம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்தில் அவன் நாய் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயர் 1,400 ஆண்டுகள் தாண்டி வந்திருப்பதில் எனக்குப் பொறாமையே இல்லை. கோவிவனுக்குக் கூழ் ஊற்றியவளின் பெயரைத்தான் காணோம்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு ஆணையிட்டது. பதினோரு நாட்களில் இன்னோர் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வகுப்பில் பேச்சு வந்தது. டீல்பியையும் டைம்ஸ் நாளிதழையும் பற்றிச் சொன்னேன், நன்றாகச் சொன்னதாகவும் நினைத்துக்கொண்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், எங்கம்மா தூய்மைப் பணியாளர். காலையில அஞ்சு மணிக்குத் தெருவுல இருக்கணும். ரெண்டு தடவ நாய் கடிச்சிருக்கு. நாலு ஊசிக்கு நாலு நாளு ஆஸ்பத்திரி, நாலு நாளும் சம்பளம் கிடையாது. வீட்டு நாய வச்சிருக்கவங்களுக்குத் தெரு நாயப் பத்தி என்ன தெரியும் மேடம்?"

என்னிடம் பதில் இல்லை. டைம்ஸின் கேலிக்கு வைத்திருந்த பதில் இவளுக்குப் பொருந்தாது. டைம்ஸ் ஆசிரியரை எந்த நாயும் விடியற்காலையில் துரத்தியிருக்காது. நாய்களிடம் கருணை காட்டச் சொல்லும் நம்மில் பலர் வண்டியில் போகிறோம். கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்காத நகரத்தில் அந்தத் தவறுக்கு உடம்பால் விலை கொடுப்பவர்கள் துடைப்பத்தோடு நடப்பவர்கள். விலங்கு நலம் பேசும் பெண்ணியம் இந்த உடம்பைச் சாதியோடு சேர்த்துப் பார்க்காவிட்டால், சதிர்க்காரப் பெண்களைக் காணாத அதே கண்தான் நமக்கும்.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மாவைச் சந்தித்தேன். நாய்களைக் கொல்ல வேண்டும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்துப் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் கோபம் வேறு இடத்தில் இருந்தது. "தெரு நாயி எங்களுக்குப் பழக்கமாயிடும் டீச்சர். என்னக் கடிச்சது ரெண்டும் பெரிய வீட்டுக்காரங்க வளத்துட்டு வெளிய விட்டதுங்க. அதுங்களுக்கு என்னயத் தெரியாது, எனக்கு அதுங்களத் தெரியாது." பிறகு குப்பைத் தொட்டியைப் பற்றிச் சொன்னார். மாதத்தில் ஒருமுறையாவது அட்டைப்பெட்டியிலோ சாக்கிலோ குட்டிகள் கிடக்கும். "பூராவும் பொட்டக் குட்டிங்க. ஆண் குட்டிய எடுத்து வச்சிக்கிட்டு இதுங்கள மட்டும் போட்ருவாங்க. பொம்பளப் புள்ளய என்ன பண்ணினாங்களோ அதேதான்." அந்த ஒப்பீட்டை நான் செய்திருந்தால் மிகையென்று அடித்திருப்பேன். சேலத்துப் பக்கம் பிறந்தவர் அவர். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் வந்தபோது அவர் சிறுமி.

அந்தக் குட்டிகளை என்ன செய்வீர்கள் என்றேன். "பூக்கார அக்காகிட்டக் குடுப்பேன், டீக்கடையில குடுப்பேன். ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. சொந்த வீடா இருந்தா இன்னும் ரெண்டு இருக்கும்."

சொந்த வீடு. அங்கேதான் எல்லாம் வந்து நிற்கிறது. நான் மணவிலக்குப் பெற்றவள். செவலை வந்த நான்காம் மாதம் வீட்டுக்காரர், "உங்களுக்குன்னு குடுத்தோம், நாய்க்குன்னு குடுக்கல" என்றார். அவளை வெளியே விடுங்கள் அல்லது நீங்கள் வெளியே போங்கள். பதினோரு வீடு பார்த்தேன். தனியாகவா, அசைவமா, யார் வந்துபோவார்கள் என்ற கேள்விகள் முன்பும் இருந்தவைதான், இப்போது கடைசியில் நாயா என்ற கேள்வியும் சேர்ந்தது. ஒரு வீட்டில், "ஆம்பளத் துணை இல்லன்னு நாய் வச்சிருக்கீங்களா?" என்றே கேட்டார்கள். செவலை ஒருவரைப் பார்த்தும் குரைத்ததில்லை. இரண்டு முறை திருப்பிக் கொண்டுவிடப்பட்ட நாய் குரைக்க யோசிக்கும். புது வீட்டில் மூன்று மாதம் வரை அவள் வாசல்படியை ஒட்டியே படுத்தாள், போகச் சொன்னால் எழுந்துபோக வசதியாக. ஊருக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்த வீடு. வாடகை மூவாயிரம் அதிகம். நிரந்தரச் சம்பளம் வாங்கும் எனக்கு இது முடிந்தது. திண்டில் உட்கார்ந்து அழுத பெண்ணுக்கு முடியவில்லை.

அந்தப் பெண்ணோடு எனக்குப் பழக்கம் உண்டு. என் சம்மதம் கேட்டுக்கொண்டு, காப்பகத்து அக்கா அவளுக்கு என் எண்ணைக் கொடுத்தார். முதலில் செய்தி வந்தது, செவலை சாப்பிடுகிறாளா என்று. இப்போது சனிக்கிழமைதோறும், அவள் மாமியார் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், காணொலி அழைப்பு. மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி பேசுவாள். நான் போனைத் தரையில் சாய்த்து வைப்பேன். குரல் கேட்டதும் செவலையின் வெட்டுப்பட்ட இடது காது நிமிரும். போனுக்குப் பின்னால் போய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வந்து படுப்பாள். அந்தப் பெண் கால் எப்படி இருக்கிறது என்பாள், மழையில் வலிக்குமே என்பாள். நேரம் இருந்தால் தன் வேலைத் தேர்வுப் படிப்பைப் பற்றியும் சொல்வாள். போன வாரம் பாதிப் பேச்சில் கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"வீட்ல வந்துட்டாங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.